பழைய கிழங்கு முடியட்டும்

எங்கள் வீட்டில் சுருங்கிப்போன உருளைக்கிழங்குக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. பொறாமையில் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். என் கணவர் காலெர்வோ நிலவறைக்குள் இறங்குவார். ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், முளையைக் கிள்ளுவார், அழுகத் தொடங்கியதை மட்டும் தனியாகப் பொறுக்கி மேலே கொண்டுவருவார். என் கையில் கொடுத்து, "இன்னைக்கு இது" என்பார். நல்ல கிழங்கு கீழேயே இருக்கும், அது நாளைக்கு. நாளைக்குள் அதிலும் அழுகல் விழுந்திருக்கும். விழுந்த பிறகு அதைச் சாப்பிடுவோம்.

பழசு முதலில். இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், எனக்கும் புதுப்பெண்ணாக வந்தபோது நியாயமாகத்தான் இருந்தது. சாமான் வீணாகக் கூடாது, நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இந்த வீட்டில் எதுவுமே பழசாகாமல் தட்டுக்கு வராது. ஏரியில் துள்ளத் துள்ளப் பிடித்த மீன் நேராக ஃப்ரீஸருக்குள் போகும். அதன் இடத்தில், என்றைக்கோ பிடித்து, உறைந்து, பஞ்சு மாதிரி வெளிறிப்போன மீன் வெளியே வரும். இன்று சுட்ட ரொட்டி அலமாரிக்கு, போன வார ரொட்டி வாய்க்கு. ஸ்ட்ராபெர்ரி பழுத்தால் ஜாம் காய்ச்சி மூடி போட்டு அடுக்கிவிட்டு, பழைய ஜாமின் மேல் படர்ந்த பூஞ்சையைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு அதைத் தடவித் தின்போம். ஆப்பிளில் புள்ளி விழுந்ததுதான் எங்களுக்கு. புள்ளி விழாதது புள்ளிக்காகக் காத்திருக்கும்.

பசியில் வளர்ந்த மனுஷனா என்றால் அதுவும் இல்லை. அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். மிட்டாய் தின்று வளர்ந்த பிள்ளை.

ஊருக்குள் இவருக்கு இருக்கும் பெயரைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். எங்கள் கைனூ மாகாணத்தில் குளிர்காலத்தில் மரக்கிளைகளில் பனி பாறை மாதிரி கட்டிக்கொண்டு தொங்கும், கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போய்விடும். அப்படி ஒரு தடவை நாள்கணக்கில் கரண்ட் வராமல் போனது. எங்கள் வீட்டில் விறகு அடுப்பு எரிந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது, பேட்டரி ரேடியோ பாடியது. ஊரே வந்து எங்கள் சமையலறையில் குளிர்காய்ந்தது. அத்தனை பேரும் காப்பி குடித்தார்கள். சாப்பிட வாங்க என்று காலெர்வோ கூப்பிட்டபோது மட்டும் அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஊர் மன்றத்தில் ஒரு கூட்டம் போட்டு, ஆபத்துக்கு வீட்டைத் தயாராக வைத்திருப்பது எப்படி என்று இவரைப் பேசச் சொன்னார்கள். பேசினார். கைதட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் நிலவறைப் படியில் இவர் நிற்கிற படம் வந்தது, "முன்மாதிரி வீடு" என்று தலைப்பு. படத்துக்கு நாற்றம் கிடையாது என்பதால் பிழைத்தார்.

எங்கள் ஒரே மகள் பிரித்தா ஓவுலு நகரத்தில் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். காலெர்வோ பெருமையாக ஃப்ரீஸரின் அடியிலிருந்து காட்டுமான் இறைச்சியை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, வெட்டும்போது மெழுகு வெட்டுவது மாதிரி இருந்தது. நான் வெங்காயத்தையும் மிளகையும் அள்ளிப் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தேன். அந்தப் பையன் மரியாதைக்காக முழுத் தட்டையும் தின்றான். தின்றுவிட்டு எங்கள் வாசற்படியிலேயே வாந்தி எடுத்தான். அதோடு அவன் வரவில்லை. பிரித்தா வருவாள், கூடத்தில் உட்காருவாள், தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவாள். பெற்ற வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். எனக்கு மானம் போயிற்று.

இந்த வருஷம் வசந்தத்தில் அவள் போன் செய்தாள். கர்ப்பமாக இருந்தாள்.

"அம்மா, நடுக்கோடைத் திருநாளுக்கு வர்றேன். ராத்திரி தங்குறேன். உன் கையால சாப்பிடுறேன்."

"வாடி கண்ணு, வா."

"முழுசாக் கேளு. இதுதான் கடைசித் தடவை சாப்பிட்டுப் பாக்கப்போறேன். என் தட்டுல ஒரே ஒரு பழசு விழுந்தாலும் சரி, நாளைக்கு என் பிள்ளை உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காராது. நீ வேணா எங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போ. சண்டை இல்ல. சொல்லிட்டேன்."

சண்டை இல்லை என்று அவள் சொன்னவிதம் அவளுடைய அப்பா மாதிரியே இருந்தது. அசைக்க முடியாது.

நடுக்கோடைக்கு எங்கள் நாட்டில் எல்லோர் வீட்டிலும் புது உருளைக்கிழங்குதான். கோலிக்குண்டு அளவில், தோல் உரிந்தும் உரியாமலும், வெண்ணெயும் சதகுப்பைக் கீரையும் போட்டு, உப்பில் ஊறிய மீனோடு. அதைச் சாப்பிடாவிட்டால் கோடை வந்த மாதிரியே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்கும் நிலவறைக் கிழங்குதான், ஏனென்றால் அது தீர்வதற்குள் அடுத்த அறுவடை வந்துவிடும். நான் போய்க் காலெர்வோவிடம் நின்றேன்.

"இந்தத் தடவை புதுக்கிழங்கு தோண்டணும். பிள்ளைத்தாச்சி வர்றா."

"தோண்டலாமே" என்றார். "பழைய கிழங்கு முடியட்டும்."

"ரெண்டு பெட்டி கிடக்கேய்யா கீழே!"

"அப்போ சாப்பிடு. யார் வேணாம்னா?"

சரி, சாப்பிட்டே தீர்த்துவிடுகிறேன் என்று முந்தானையை வரிந்துகட்டாத குறைதான். சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் தெற்குச் சுவரோரம் வெயில் விழுகிற இடத்தில் முன்னதாகவே விதைக்கிழங்கு ஊன்றி, குளிருக்கு வெள்ளைத் துணி போர்த்தினேன். அந்தப் பக்கம் அது வளர, இந்தப் பக்கம் நான் பெட்டியைக் காலி செய்தேன்.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. பெட்டிக்குள் கையை விட்டால் வெள்ளை வெள்ளையாக முளைகள் விரல் மாதிரி கையைப் பற்றும். மேலே கெட்டியாகத் தெரிவதை எடுத்து அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போய்விடும், கறுத்த தண்ணீர் வழியும். சீ! அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? இனிப்பும் அழுகலும் கலந்து தொண்டைக்குள் ஒட்டிக்கொள்கிற நாற்றம். பச்சை ஏறியதையும் முளைக்கண்ணையும் ஆழமாகத் தோண்டி எறிந்தால், "இவ்வளவா வெட்டுவே?" என்று குப்பைக் கூடையைக் குடைவார் மனுஷன். மிஞ்சியதைக் காலையில் மசித்து மாவு சேர்த்து ரொட்டி தட்டினேன். மதியம் சூப். இரவில் துருவி, பால் ஊற்றி, அடுப்பில் வைத்துப் பாளமாகச் சுட்டேன். துருவிய தண்ணீரைத் தெளியவைத்து அடியில் தங்கிய மாவைக் காயவைத்துக் கூழ் காய்ச்சினேன். வேறு எவளாவது இப்படிச் சமைத்தால் கெட்டிக்காரி என்பார்கள். எனக்கு என் கையையே முகரப் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு சைமிக்கு ஒரு வாளி கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் கோழி வளர்க்கிறாள். மறுநாள் வாளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேகவச்சுத்தான் போட்டேன் ரைலி. என் கோழிங்க மோந்து பாத்துட்டு என்னையே முறைக்குதுங்க. இதைத் தின்னா முட்டையா போடும், முழி பிதுங்கிப் போடும்."

"கொழுப்பெடுத்த கோழி."

"கோழிக்கு மூக்கு இருக்குடி. உங்க வீட்டுலதான் யாருக்கும் இல்ல."

அவள் அன்று சுட்ட பார்லி ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. வெண்ணெய் தடவி என் வாயில் திணித்து, எப்படி என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது? பூஞ்சையா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

திருநாளுக்கு முந்தின நாள் கடைசிக் கிழங்கையும் தின்று முடித்தேன். பெட்டிகளை வெளியே இழுத்துப்போட்டு, சோடா உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டுக் காலெர்வோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிலவறைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சரி" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒரு சரி அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? ஜெயித்த சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளைத் துணியை விலக்கி, செடியைப் பிடித்துத் தூக்கினேன். மண்ணோடு மண்ணாகக் குட்டிக் கிழங்குகள் கொத்தாக வந்தன. பெருவிரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு வாளி நிறையத் தோண்டிச் சமையலறையில் வைத்தேன். காலெர்வோ மேசையருகே கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கழுவி வேகவைக்கிறேன். நீ போய் சௌனாவைச் சூடு பண்ணு, உடம்புல தட்டிக்க பிர்ச் கிளை ஒடிச்சுக் கட்டு. புள்ள வந்தா குளிக்கணும்ல?"

கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் வராத மனுஷன். அப்பாவாகிவிட்ட பிறகு வராத பாசம், தாத்தாவாகப்போகும்போது வருகிறது போலிருக்கிறது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஏமாளி மாதிரி கிளை ஒடிக்கப் போனேன்.

பிரித்தா மதியத்துக்கு மேல் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. காரை விட்டு இறங்கியதும் மூக்கை உயர்த்தி முகர்ந்தாள், பழக்கதோஷம். புல் வாசமும் சௌனாப் புகையும்தான் வந்திருக்கும். லேசாகச் சிரித்தாள். வாசற்படியைத் தாண்டும்போது ஒரு நொடி குனிந்து பார்த்தாள், அவள் புருஷன் வாந்தி எடுத்த இடம். நேராகப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவளைப் பார்த்து எத்தனை காலம்!

காலெர்வோ சட்டியோடு வந்தார். சின்னச் சின்ன உருண்டைகள், மேலே வெண்ணெய் பளபளக்க, சதகுப்பைக் கீரை பச்சைப் பசேலென்று தூவி. தோலே இல்லை.

"பிள்ளைத்தாச்சிக்கு மண்ணு சேராதுன்னு தோலை எடுத்துட்டேன்" என்றார்.

எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். எனக்கு ஆசை பொறுக்கவில்லை. முதலில் நான்தான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். வெண்ணெய், கீரை, உப்பு, அதற்கு அடியில் மாவாகக் கரைகிற கிழங்கு. நெஞ்சு நிறைந்துபோனது.

"ஆகா, இதுடி புதுக்கிழங்கு!" என்றேன். "இதுக்குத்தான் இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தேன். சாப்பிடு, சாப்பிடு."

பிரித்தா ஒன்றை முள்கரண்டியில் குத்தி வாய்க்குள் வைத்தாள். மெல்லவில்லை. அப்படியே கையில் துப்பினாள். துப்பியதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கரண்டியால் பிளந்தாள். உள்ளே நடுவில் கறுப்பாக ஒரு வளையம் ஓடியது.

"அம்மா, இது பழசு."

"என்னடி சொல்றே? என் கையால தோண்டினது!"

"பழசும்மா. நாறுது. உனக்குத் தெரியலையா?"

நான் காலெர்வோவைப் பார்த்தேன். அந்த மனுஷன் நிதானமாகத் தன் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"விறகுக் கொட்டகைத் தரைக்கு அடியில ஒரு பெட்டி இருந்துச்சு. அவசரக் கையிருப்பு" என்றார். "கையிருப்புன்னா எல்லாருக்கும் தெரியிற இடத்துலயா வைப்பாங்க? அது இருக்கும்போது புதுசை எப்படித் தொடுறது? கெட்டதை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டேன். ஒவ்வொண்ணா உருட்டி உருட்டிச் சீவினேன், கை வலி."

"நான் தோண்டினது எங்கே?"

"நிலவறையில. பத்திரமா இருக்கு."

பெரிய பெரிய அழுகல் கிழங்கை எடுத்து, கோலிக்குண்டு அளவுக்குச் செதுக்கி, மகளை ஏமாற்ற உட்கார்ந்திருக்கிறார் காலையெல்லாம். வாரிக் குப்பையில் போட்டது பாதிக்கு மேல் இருக்கும். சிக்கனமாம்! தூ என்று துப்ப வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பிரித்தாவிடம் சொன்னார்:

"நல்லாத்தானே இருக்கு? உங்கம்மாவே சொன்னாளே. ரைலிக்குத் தெரியாத கிழங்கா?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிரித்தா அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். வாசற்படி வாந்தியைப் பார்த்த அதே பார்வை, அதில் கொஞ்சம் இரக்கம் வேறு. அவள் எழுந்து காருக்குப் போனாள்.

நான் கத்தவில்லை. சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்க்கவும் இல்லை, கவிழ்த்திருக்கலாம். நிலவறைக்குள் இறங்கினேன். கழுவிக் கவிழ்த்த பெட்டிகள் காய்ந்து, சுத்தமாகத் திரும்ப உள்ளே வந்திருந்தன. அதில் ஒன்றில் என்னுடைய புதுக்கிழங்கு, பழசாவதற்கு வசதியாக, மணலில் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. வாளியில் அள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். திருநாள் நெருப்புக்காகக் குவித்திருந்த மரத்திலிருந்து நாலு கட்டையை உருவிக் கல்லுக்கு நடுவே மூட்டி, கரையில் எப்போதும் கிடக்கும் காப்பிக் கெட்டிலில் ஏரித் தண்ணீர் மொண்டு கிழங்கைப் போட்டேன். வெண்ணெய் இல்லை, கீரை இல்லை. உப்பு மட்டும் மேலங்கிப் பையில் பொட்டலமாக இருந்தது. இவரோடு வாழ்ந்ததில் அந்த ஒரு நல்ல பழக்கம்.

கார் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிவில் இறங்கி வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுக் கெட்டிலை அவளிடம் நகர்த்தினேன். ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தாள். தோலோடு தின்றாள். இன்னொன்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. என் மகள் என் கையால் தின்பதைப் பார்த்துக்கொண்டே நானும் ஒன்றை வாயில் போட்டேன்.

ஒன்றுமே இல்லை. தண்ணீரைக் கடித்த மாதிரி இருந்தது. பச்சையாக, வழவழவென்று, எந்த ருசியும் இல்லாமல். என் நாக்கு அதில் எதையோ தேடியது. இனிப்பும் அழுகலும் கலந்த அந்த மக்கிப்போன வாடையைத் தேடியது. தேடியது தெரிந்ததும் மெல்வதை நிறுத்தினேன். இத்தனை நாள் அவரைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது என் வாய்க்குள்ளேயே இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் பிரித்தா.

நல்லா இருக்கு என்று சொல்ல வந்தேன். மேசையில் அப்படித்தானே சொன்னேன்.

"பிடிக்கலடி" என்றேன். "அதுதான் நல்லா இருந்துச்சு. அந்த நாத்தம் புடிச்சது." அதற்கு மேல் சொல்ல வேண்டியதை ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பிள்ளையைக் கூட்டிட்டு வராதே. இந்த வீட்டு மேசையில உக்கார வைக்காதே. உங்கப்பாவால மட்டும் இல்ல. நான் ருசி பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லி ஊட்டுவேன். என்னையும் நம்பாதே."

ஏரிக்கு அந்தக் கரையில் யாரோ முன்னதாகவே நெருப்பு மூட்டிவிட்டார்கள், பாட்டுச் சத்தம் தண்ணீர் மேல் வந்தது. மேலே வீட்டு வாசலில் காலெர்வோ வந்து நின்று, கையை வாயருகே குவித்துக் கத்தினார்:

"மிச்சம் இருந்தா கொட்டிடாதீங்க! நாளைக்கு ஆகும்!"

"மிச்சம் இருக்காதுப்பா!" என்று பிரித்தா திருப்பிக் கத்தினாள்.

கெட்டிலுக்குள் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்தாள். தோலை உரித்து, உப்பில் தொட்டு, என் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடு" என்றாள். "பிள்ளை பொறக்க இன்னும் நாள் இருக்கு."

பிடிக்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு, அடுத்ததற்கு வாயைத் திறந்தேன்.